டிஷ்ஷைக் கழற்றிய வீட்டில் உம்மாவின் ரிமோட்



கடந்த இரண்டு கிழமைக்குள் மூன்று பேர் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு நானா கேட்டார். மதுரங்குளிச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பழைய மாணவன் ஒருவன் கேட்டான். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஒரு தாயும் கேட்டார். "நீங்க டிஷ்ஷைக் கழட்டிட்டீங்களாம். இப்ப என்னத்தில டிவி பாக்குற? எந்தப் பெட்டி நல்லம்?"

மூன்று பேருக்கும் இரண்டு வரியில் ஒரு பதில் சொல்லி அனுப்பிவிட்டோம். பிறகு யோசித்துப் பார்த்தால், சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்று பட்டது. பெட்டியின் பெயரைச் சொல்வது லேசு. அதை வாங்கிய பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்வதுதான் கஷ்டம். அதனால்தான் இந்த நீண்ட பதிவு. வீட்டில் நாங்கள் இருவரும் ஆசிரியர்கள், எதையும் நீட்டித்தான் சொல்லுவோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டிஷ்ஷை ஏன் கழற்றினோம் என்று சொல்கிறோம்.

நம் ஊரைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கு பார்த்தாலும் தென்னை. டிவி செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கின்றன. எங்கள் டிஷ்ஷைச் சோற்றுப் பீங்கானைப் போல மல்லாத்தித்தான் வைத்திருந்தார்கள். வானம் திறந்திருந்தால் பிரச்சினை இல்லை. எங்கள் வளவில் இரண்டு தென்னை ஓலை விட்டு வளர்ந்து டிஷ்ஷுக்கு மேலே குடை பிடித்துக்கொண்டன. காற்றுக்கு ஓலை ஆடினால் படமும் கட்டம் கட்டமாக உடையும். மழை கறுத்து வந்தால் சொல்லவே வேண்டாம். அந்த அலைவரிசையை மழைத்துளி உறிஞ்சிவிடும். அடைமழையில் நியூஸ் பார்க்க வேண்டிய நேரத்தில்தான் 'சிக்னல் இல்லை' என்று வரும். போதாததற்குக் கடல் காற்றின் உப்பு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தாங்கிக் கம்பியும் தலைப்பகுதியும் துருப்பிடித்து மாற்ற வேண்டி வந்தது.

அதோடு மாதப் பணம். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது நம் வீடுகளில் எது எதைக் குறைத்தோம் என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நாட்களிலேயே எங்கள் கண் டிஷ் பில்லில் விழுந்தது. எண்பது, தொண்ணூறு சனல்களுக்குச் சல்லி கட்டினோம். உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் வீட்டில் உண்மையாகப் பார்ப்பது ஐந்துதான். உம்மாவுக்குத் தமிழ்ச் செய்தியும் மக்கா நேரலையும். சின்ன மகனுக்குக் கார்ட்டூன். எங்களுக்கு எப்போதாவது கிரிக்கெட். மூத்த மகள் டிவியே பார்ப்பதில்லை. அவள் தரம் 11. சாதாரண தரப் பரீட்சைக்கான பாடங்களை யூடியூபில், கையடக்கத் தொலைபேசியின் சின்னத் திரையில், கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கண்ணைச் சுருக்கிய முகம்தான் எங்களை முடிவெடுக்க வைத்தது. 2020 இல் கொரோனாவுக்குப் பாடசாலைகளை மூடியபோது நேத்ரா அலைவரிசையில் தமிழ்மொழிப் பாடங்கள் போனதும், கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் பிள்ளைகள் பாடம் தேடியதும் உங்களுக்குத் தெரியும். பாடம் அன்றைக்குத் திரைக்குள் போனது, இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. எங்கள் 32 அங்குல டிவி பத்து வருடப் பழசு, ஸ்மார்ட் டிவி இல்லை. ஆனால் அதன் பின்பக்கம் எச்.டி.எம்.ஐ. துவாரம் இரண்டு சும்மா கிடந்தன. ஒன்றில் ஒரு சின்னக் கருவியைச் செருகினால் போதும், இன்டர்நெட்டில் உள்ளதெல்லாம் பெரிய திரைக்கு வந்துவிடும் என்றார்கள். டிஷ்ஷுக்குக் கட்டும் பணம் மிச்சம். மகளின் கண்ணுக்கும் ஆறுதல். யோசனை சரியாகத்தான் இருந்தது.

எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம் தொடங்கியது.

முதலில் செலவில்லாத வழியைப் பார்த்தோம். ஃபோனிலிருந்து டிவிக்குப் போடும் கேபிள் ஒன்றைப் புத்தளம் டவுனில் வாங்கி வந்தோம். செருகினால் திரை கறுப்பு. பிறகுதான் விளங்கியது, யூ.எஸ்.பி.-சி துவாரம் உள்ள எல்லா ஃபோனும் படத்தை வெளியே விடாது. அந்த வசதி பெரும்பாலும் விலை கூடிய ஃபோன்களில்தான் உண்டு. கேபிள் இன்னும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அது எங்கள் முதல் பாடம்.

அடுத்து, கட்டாரில் இருக்கும் மச்சான் விடுமுறைக்கு வரும்போது ஒன்று கொண்டுவருவதாகச் சொன்னார். அங்கே பாவித்த பழைய குரோம்காஸ்ட் ஒன்று இருக்கிறது, சும்மா தரலாம் என்றார். சும்மா வருவதை யார் வேண்டாம் என்பார்? ஆனால் அந்த நாட்களில்தான் ஒரு செய்தி வந்தது. 2025 மார்ச்சில், 2015 இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட்டுகள் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வேலை செய்யாமல் நின்றுவிட்டன. கருவிக்குள் இருந்த டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதுதான் காரணம். சில நாட்களில் கூகுள் திருத்திக் கொடுத்தது உண்மை. ஆனால் குரோம்காஸ்ட் வரிசையையே 2024 ஓகஸ்டில் நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். இப்படிப்பட்ட கருவி வானொலிப் பெட்டியைப் போல முப்பது வருடம் உழைக்காது. தூரத்தில் இருக்கும் கம்பனி அதைப் பராமரிக்கும் வரைக்கும்தான் அதன் ஆயுள். வெளிநாட்டிலிருந்து வரும் ரோகு, ஃபயர் ஸ்டிக் போன்றவற்றிலும் இதே யோசனை வேண்டும். அந்த நாட்டுச் சந்தைக்குச் செய்தவை அவை. இங்கே வந்ததும் கணக்குத் திறப்பதிலும் சில ஆப்கள் கிடைப்பதிலும் சிக்கல் வரலாம்.

மூன்றாவதாக வந்ததுதான் பெரிய சோதனை.

தெரிந்த தம்பி ஒருவர் ஒரு பெட்டி கொண்டுவந்து காட்டினார். விலை பத்தாயிரத்துக்கும் குறைவு. பெட்டியின் மேல் 8கே என்று எழுதியிருந்தது. "இத வாங்கினா மாசச் சல்லியே இல்ல. இந்தியா சனல், அரபுச் சனல், கிரிக்கெட், புதுப் படம், எல்லாம் ஃப்ரீ. ஊருக்குள்ள நிறைய பேர் எடுத்திட்டாங்க." அவர் பொய் சொல்லவில்லை. செருகிக் காட்டினார். ஆயிரத்துக்கும் மேல் சனல்கள் வரிசையாக ஓடின. உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் ஆசை வந்தது. ஒரு இரவு முழுக்க அதைப் பற்றியே பேசினோம்.

இரண்டு விடயங்கள் எங்களைத் தடுத்தன.

ஒன்று, அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது. 2023 ஜனவரியில் கனடாவில் ஒருவர், தான் இணையத்தில் வாங்கிய மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிக்குள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கெட்ட மென்பொருள் இருந்ததைக் கண்டுபிடித்து வெளியிட்டார். அதே வருடம் ஒக்டோபரில் ஹியூமன் செக்யூரிட்டி என்ற நிறுவனம் இதை 'பேட்பாக்ஸ்' என்று பெயரிட்டு விரிவாக எழுதியது. 2024 டிசம்பரில் ஜெர்மனியின் இணையப் பாதுகாப்பு நிறுவனம் அந்த நாட்டில் மட்டும் இப்படிப்பட்ட 30,000 கருவிகளின் தொடர்பைத் துண்டித்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டது. இந்தப் பெட்டிகள் நம் வீட்டு இன்டர்நெட்டுக்குள் ஒரு கள்ளக் கதவைத் திறந்து விடுகின்றன. எங்கோ இருக்கும் ஒருவன் செய்யும் மோசடி, நம் வீட்டு இணைப்பிலிருந்து செய்தது போல உலகத்துக்குத் தெரியும். அதே இணைப்பில்தான் நாங்கள் வங்கி ஆப்பையும் பாவிக்கிறோம், பிள்ளைகளின் புள்ளி விபரத்தையும் அனுப்புகிறோம்.

எல்லா மலிவுப் பெட்டியும் அப்படி என்று சொல்ல வரவில்லை. ஆனால் எது நல்லது எது கெட்டது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல நம்மால் முடியாது.

இரண்டாவது விடயம் எளிமையானது. அந்த ஆயிரம் சனல்களுக்கு யாரோ உரிமையாளர் இருக்கிறார்கள். கிரிக்கெட்டை ஒளிபரப்பச் சல்லி கட்டியவன் ஒருவன். படத்தை எடுத்தவன் இன்னொருவன். நாம் அதை இடையில் திருடியவனிடமிருந்து வாங்கிப் பார்க்கிறோம். வகுப்பில் பக்கத்துப் பிள்ளையின் பென்சிலை எடுத்தால் 'அது அவருடைய ஹக், திருப்பிக் கொடு' என்று சொல்லிக் கொடுக்கிறோம். மாலையில் வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டிக்கு முன்னால் எப்படி உட்காருவது? இது ஃபத்வா இல்லை, அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். எங்கள் மனதுக்குப் பட்டதைச் சொன்னோம், அவ்வளவுதான். உலக விடயமாகப் பார்த்தாலும் அது நிலைக்காது. 2024 நவம்பரில் ஐரோப்பாவில் 2 கோடி 20 இலட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்த இப்படியான ஒரு வலையமைப்பை முடக்கினார்கள். வருடச் சந்தா கட்டியவர்கள் யாரிடம் போய்க் கேட்பது?

அந்தத் தம்பியிடம் "வேணாம், குறை நினைக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினோம். பிறகு கூகுளின் சான்று பெற்ற, பெயர் தெரிந்த கம்பனியின் ஸ்டிக் ஒன்றை ஒரு வருட உத்தரவாதத்தோடு வாங்கினோம். அந்தப் பெட்டியை விட ஏழாயிரம் ரூபா அளவில் கூட. டிஷ்ஷையும் கழற்றினோம். கூரையில் ஏறிய பையன் துருப்பிடித்த டிஷ்ஷைக் கீழே போட்டபோது சின்ன மகன் கைதட்டினான். உம்மா முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இனித்தான் சொல்ல வேண்டிய கதை.

உம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. வாப்பா மௌத்தான பிறகு, நாங்கள் பாடசாலைக்குப் போய்வரும் வரை வீட்டில் உம்மாவுக்குத் துணை அந்த டிவிதான். அவருக்குச் செய்தி என்பது பொழுதுபோக்கு இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டுப் புத்தளம், கற்பிட்டி, முந்தல் பக்கமெல்லாம் வந்து குடிசைகளில் ஒதுங்கிய காலத்தில், எங்கள் வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. ரூபவாஹினித் தமிழ்ச் செய்தி நேரத்துக்கு வந்தவர்களெல்லாம் எங்கள் திண்ணையில் கூடுவார்கள். ஊர் திரும்பலாம் என்று ஏதாவது சொல்லுவார்களா என்று பார்ப்பார்கள். உம்மா பிளேன்டி ஊற்றிக் கொடுப்பார். அந்தக் காலத்திலிருந்து செய்தி நேரம் வந்தால் உம்மா டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். டிஷ் இருந்தபோது அவருக்கு இரண்டு சனல்களின் இலக்கங்கள் மனப்பாடம். எழுத்தைப் பார்க்காமலே விரல் அந்த இலக்கங்களை அமர்த்தும்.

புதிய ஸ்டிக்கைச் செருகிய அன்று பத்து நிமிடம் உம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தோம். "இதை அமத்துங்க, இந்த வட்டத்தால கீழ வாங்க, இந்தச் சிவப்புப் படத்துக்குப் போங்க, உள்ள மக்கா எண்டு ஈக்கும்." உம்மா தலையாட்டினார். "விளங்குதா உம்மா?" "விளங்குது மகன்." நாங்களும் நம்பிவிட்டோம்.

மைக் பொத்தானில் பேசினால் போதும் என்று மகள் சொல்லிக் கொடுத்தாள். உம்மா "மக்கா லைவ்" என்றார். இந்தியாவில் யாரோ ஒரு அம்மா மக்காச்சோளம் அவிக்கும் வீடியோ வந்தது. எல்லோரும் சிரித்தோம். உம்மாவும் சிரித்தார். "இதுக்கு என்ட காத விட மந்தம் மகன்" என்றார். அந்தச் சிரிப்போடு அது முடிந்துவிட்டது என்று நினைத்தோம்.

மகள் பெரிய திரையில் கணிதம் பார்த்தாள். சின்னவன் கார்ட்டூன் பார்த்தான். நாங்கள் மாதக் கணக்கைப் பார்த்துச் சந்தோசப்பட்டோம். உம்மா டிவி பக்கம் வருவது குறைந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. ஒரு நாள் கேட்டதற்கு, "கண்ணுக்கு வலி மகன், போதும் பாத்தது" என்றார். மஃரிபுக்குப் பிறகு பின்வேலிப் படலையைத் திறந்து பக்கத்து ராத்தா வீட்டுக்குப் போய்வரத் தொடங்கினார். கதைக்கப் போகிறார், நல்லதுதானே என்று இருந்தோம்.

ஒரு நாள் இரவு மழை தூறிக்கொண்டிருந்தது. உம்மா வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்று டோர்ச்சும் குடையும் எடுத்துக்கொண்டு கூட்டிவரப் போனோம். ராத்தாவின் வீட்டு விறாந்தையில், ஓரத்தில், பிளாஸ்டிக் கதிரையில் உம்மா உட்கார்ந்திருந்தார். டிவியில் தமிழ்ச் செய்தி. அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகள் இரண்டும் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கார்ட்டூன் போடுவதற்காகச் செய்தி முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தன. உம்மா எங்களைக் கண்டதும் செய்தி முடியவில்லை, ஆனாலும் எழுந்துவிட்டார்.

வரும் வழியில் உம்மா சொன்னார், "ராத்தாட வீட்டு டிவி நல்ல வெளிச்சம் மகன். அதுதான் போற."

எங்கள் மனம் நோகக் கூடாதென்று அவர் கண்டுபிடித்த காரணம் அது. வீட்டுக்கு வந்து அன்றிரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. சல்லி கொடுத்து, ஹலாலான வழியில், சான்று பார்த்து, எல்லாம் சரியாகச் செய்தோம் என்று பெருமைப்பட்ட பெட்டி, எங்கள் உம்மாவை இன்னொரு வீட்டு விறாந்தையில் உட்கார வைத்திருந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால் ஊரே வந்து செய்தி பார்த்த வீடு இது.

அடுத்த நாள் உம்மாவிடம் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டோம். ஒவ்வொன்றாகச் சொன்னார். போட்டவுடன் வரும் முகப்பில் வரிசை வரிசையாகப் படங்கள், எதில் நிற்கிறோம் என்று தெரிவதில்லை. எழுத்து ஆங்கிலம். தவறி ஒன்றை அமர்த்தினால் வேறு எங்கோ போய்விடும், திரும்பி வரும் வழி தெரியாது. சில சினிமா விளம்பரப் படங்கள் வரும்போது பேரப்பிள்ளைக்கு முன்னால் வெட்கமாக இருக்கும், மாற்றவும் தெரியாது. "நான் எதையாவது அமத்திப் பழுதாக்கிட்டா உங்கட சல்லி வீணாப் போகும் எண்டு பயம்" என்றார்.

பாடசாலையில் தரம் 1 பிள்ளைக்கு எழுத்தறிவிக்க ஒரு வருடம் எடுக்கிறோம். 'விளங்குதா?' என்று கேட்டுப் பிள்ளை தலையாட்டினால், அது விளங்கியதற்கு அடையாளம் இல்லை என்று பயிற்சிக் கலாசாலையில் படித்தவர்கள் நாங்கள். உம்மாவுக்குப் பத்து நிமிடம்தான் கொடுத்தோம்.

பிறகு செய்ததை வரிசையாகச் சொல்கிறோம். யாருக்காவது உதவும்.

முதலாவது, கூரையில் சாதாரண அன்டனா ஒன்றை மீண்டும் கட்டினோம். நம்மில் பலர் மறந்துவிட்டோம், நம் நாட்டுச் சனல்கள் இன்னும் காற்றில் இலவசமாகவே வருகின்றன. அதற்குப் பெட்டியும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம், மாதப் பணமும் வேண்டாம். டிவியின் பின்பக்க அன்டனாத் துவாரத்தில் வயரைச் செருகி ஒரு முறை சனல் தேடவிட்டால் போதும். எங்களுக்குத் தமிழ்ச் செய்தி வரும் சனல்களில் இரண்டு தெளிவாகவும் ஒன்று கொஞ்சம் புள்ளியோடும் வருகின்றன. அவற்றை 1, 2, 3 என்று ஒழுங்குபடுத்தினோம். இன்டர்நெட் நின்றாலும் உம்மாவுக்குச் செய்தி நிற்காது.

இரண்டாவது, ஸ்டிக்கின் முகப்பைச் சுத்தம் செய்தோம். கூகுள் டிவி உள்ள கருவிகளில் ஆப்கள் மட்டும் தெரியும்படி மாற்ற ஓர் அமைப்பு உண்டு. அதைப் போட்டதும் சினிமாப் படங்களின் வரிசை போய்விட்டது. யூடியூபை முதலாவதாக வைத்தோம். உம்மாவுக்கென்று தனிக் கணக்கு ஒன்று திறந்து, மஸ்ஜிதுல் ஹராமை நாள் முழுக்கக் காட்டும் சவூதியின் குர்ஆன் சனலைச் சேர்த்துவிட்டோம். மக்காவுக்கும் நமக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம். அங்கே சுபஹ் தொழுகை நடக்கும்போது இங்கே காலை, பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்பட்ட பின் வீடு அமைதியாக இருக்கும் நேரம். உம்மா இப்போது அதைத் தவறவிடுவதில்லை.

மூன்றாவது, ரிமோட். டிவி ரிமோட்டில் உம்மாவுக்குத் தேவையான பொத்தான்களைத் தவிர மற்றவற்றின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினோம். ஸ்டிக்கின் ரிமோட்டில் 'வீடு' பொத்தானுக்கு மட்டும் சிவப்பு டேப். எச்.டி.எம்.ஐ. சி.இ.சி. என்ற வசதியை டிவி அமைப்பில் திறந்துவிட்டால், அந்தப் பொத்தானை அமர்த்தியதும் டிவி தானாகவே ஸ்டிக்கின் பக்கம் மாறிவிடும். எங்கே தொலைந்தாலும் சிவப்பை அமர்த்தினால் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று சொல்லிக் கொடுத்தோம். உம்மாவுக்கு அது பிடித்துவிட்டது.

நான்காவது, நேரம். ஒரு மட்டையில் மூன்று படம் வரைந்து டிவிக்குப் பக்கத்தில் ஒட்டினோம். ஒரு கிழமை, ஒவ்வொரு நாளும், நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். ரிமோட்டை நாங்கள் தொடுவதில்லை என்பதுதான் சட்டம். முதல் இரண்டு நாளும் உம்மாவுக்குக் கோபம் வந்தது. ஐந்தாவது நாள் நாங்கள் பாடசாலையிலிருந்து வரும்போது வாசலிலேயே கஃபாவின் சத்தம் கேட்டது. அன்று பட்ட சந்தோசம் எந்தப் பரீட்சை முடிவுக்கும் பட்டதில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். கருவி இடைக்கிடை புதுப்பிப்புக் கேட்கும், அன்று உம்மா எங்களுக்குக் கோல் எடுப்பார். ராத்தா வீட்டுக்கு இன்னும் போகிறார். ஆனால் இப்போது செய்தி முடிந்த பிறகு போகிறார், கதைப்பதற்கு.

இனி, நீங்கள் கேட்ட கேள்விக்குச் சுருக்கமான பதில்.

1. டிவியின் பின்பக்கத்தை முதலில் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. துவாரம் இருந்தால் ஸ்டிக் போதும். மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துவாரங்கள் மட்டும் உள்ள பழைய டிவி என்றால் இடையில் ஒரு மாற்றுக் கருவி வேண்டும், படமும் மங்கலாகத்தான் இருக்கும்.

2. ஸ்டிக்குக்கான கரண்டை டிவியின் யூ.எஸ்.பி. துவாரத்திலிருந்து எடுக்காதீர்கள். பழைய டிவிகளில் அதிலிருந்து பெரும்பாலும் 0.5 அம்பியர்தான் வரும். ஸ்டிக்குக்கு அது போதாது, நின்று நின்று எழும்பும். பெட்டியோடு வரும் அடப்டரையே பிளக்கில் போடுங்கள். எங்களுக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு கிழமை எடுத்தது.

3. டேட்டாக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் தன் கணக்காகவே சொல்வது, சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜி.பி. வரை, எச்.டி.யில் 3 ஜி.பி. வரை, 4கே என்றால் 7 ஜி.பி. வரை. தினமும் இரண்டு மணித்தியாலம் எச்.டி. பார்த்தால் மாதம் 180 ஜி.பி. ஆகும். அதே நேரம் சாதாரணத் தரத்தில் 60 ஜி.பி. பாடம் பார்க்க 480 தரம் தாராளம். யூடியூபுக்கு மட்டும் தரும் பொதியை வாங்கினால், மற்ற ஆப்கள் அதில் ஓடாது என்பதையும் நினைவில் வையுங்கள். டிஷ்ஷில் மிச்சம் பிடித்ததை டேட்டாவில் இழந்தால் ஒரு பயனும் இல்லை.

4. 'எல்லாம் ஃப்ரீ' என்று விற்கும் பெட்டி, பிளே புரொடெக்ட் பாதுகாப்பை அணைக்கச் சொல்லும் பெட்டி, கேள்விப்படாத பெயருள்ள பெட்டி, இந்த மூன்றையும் எஃப்.பி.ஐ. எச்சரிக்கை அடையாளங்களாகச் சொல்லியிருக்கிறது. ஏற்கனவே வாங்கியவர்கள் பிளே ஸ்டோர் அமைப்பில் 'சான்று பெற்றது' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வங்கி ஆப் உள்ள இணைப்பிலிருந்தாவது அதைப் பிரித்து வையுங்கள்.

5. 32 அங்குல டிவிக்கு 4கே கருவி தேவையில்லை. அந்தச் சல்லியில் நல்ல அன்டனா ஒன்று வாங்கலாம்.

6. வாங்கி வந்து செருகிய பிறகு, வீட்டில் ஆக வயதானவரின் கையில் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு நீங்கள் முற்றத்தில் போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். உள்ளேயிருந்து அவருக்கு வேண்டிய சத்தம் கேட்டால் நீங்கள் வாங்கியது நல்ல பெட்டி. கேட்காவிட்டால் உள்ளே போங்கள், "விளங்குதா?" என்று கேட்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

இதில் பிழை இருந்தால் திருத்துங்கள். அன்டனா கட்டத் தெரிந்த நம் ஊர்ப் பிள்ளைகள் இருந்தால் கீழே சொல்லுங்கள், தேவைப்படுவோருக்கு உதவும். எங்கள் உம்மாவின் ஆரோக்கியத்துக்கும், இந்த முறை பரீட்சைக்கு அமரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.